கறுப்புத் துணியில் கறுப்பு முகம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் விடுதலையை ஜூன் 19 அன்று கொண்டாடும் நாள் ஜூன்டீன்த். அதற்கான டி-ஷர்ட்டுகளை ஸ்கிரீன் பிரின்டிங்கில் அச்சிடும்போது வேலை கெடுவது படம் வரையும்போது அல்ல, அதைத் துணியில் ஏற்றும்போதுதான். கறுப்புத் துணியில் கறுப்பின முகம் ஒன்றை அச்சிடும்போது பலரும் படம் முழுவதற்கும் அடியில் வெள்ளை போட்டுவிடுகிறார்கள். மேலே வரும் பழுப்பு வெளிறி, முகம் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஆகிவிடும். நிறத்தைக் கொண்டாட வந்த சட்டையே அதை வெளுத்துக் காட்டினால் என்ன சொல்வது!

துணியின் கறுப்பையே நிழலாக விட்டுவிட வேண்டும். நெற்றி, கன்னமேடு, மூக்குத்தண்டு என வெளிச்சம் படும் இடங்களில் மட்டும் அடி வெள்ளை, அதுவும் ஹாஃப்டோன் எனப்படும் நுண்புள்ளிகளாக. அங்குலத்துக்கு 50 வரிசைப் புள்ளிகள் என்றால் 230 மெஷ் (அங்குலத்துக்கு 230 இழை கொண்ட வலைத்திரை) சரிவரும். பரப்பில் 5 சதவீதத்துக்குக் கீழாக மூடும் புள்ளி மெஷ்ஷில் நிற்காது. 50 சதவீதப் புள்ளியோ துணியில் பரவி 60-ஐத் தாண்டும். ஆகவே திரைக்கான ஃபிலிம் எடுக்கும் முன்பே நடு டோன்களை (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்டவற்றை) குறைத்துவிடுங்கள். அடி வெள்ளை வெளியே எட்டிப்பார்க்காமல் இருக்க, அதன் ஓரத்தை மேல் நிறத்தைவிட 0.3 மி.மீ. உள்ளே இழுத்தால் போதும். ஃபிளாஷ் அடிக்கும்போது, அதாவது அடுத்த நிறத்துக்கு முன் மையைச் சூட்டில் லேசாக உலர்த்தும்போது, வெள்ளை கையில் ஒட்டாத பதம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். முழுதாக வெந்துவிட்டால் மேல் மை பிடிக்காது, துவைத்தால் உரிந்து வரும்.

கொடிகளில் இன்னொரு குழப்பம். சிவப்பு, கறுப்பு, பச்சை என்பது கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் இயக்கம் 1920-ல் ஏற்ற கொடி. ஜூன்டீன்த் கொடி 1997-ல் உருவானது. அது சிவப்பு, வெள்ளை, நீலம், நடுவே நட்சத்திரம். கேட்டது எது என்று முதலிலேயே உறுதிசெய்யுங்கள். கறுப்புச் சட்டையில் கார்வி கொடியின் நடுப்பட்டையை அச்சிட வேண்டாம். மற்ற இரண்டின் அதே அகலத்துக்கு இடம் விட்டால் துணியே பட்டையாகிவிடும்.

கடந்ததைத் திரும்பிப் பார்த்து முன்னேறு என்று சொல்லும் ஆப்பிரிக்கச் சின்னமான சான்கோஃபா பறவையின் தலை பின்னே திரும்பியிருக்கும், கால்கள் முன்னோக்கி இருக்கும். கால்களையும் திருப்பி வரைந்தால் அர்த்தமே போச்சு.

வாசகத்தில் ‘அடிமைமுறை ஒழிந்த நாள்’ என்று போடாதீர்கள். 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில், வடக்குப் படையின் ஜெனரல் கிரேஞ்சரின் ஆணை டெக்சாஸுக்கு விடுதலையை அறிவித்தது. கென்டக்கி, டெலவர் மாநிலங்களில் அந்த ஆண்டு டிசம்பர் வரை அடிமைமுறை நீடித்தது.

சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் வகை மையான பிளாஸ்டிசால் அடிவரை 160 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். லேசர் தெர்மாமீட்டர் காட்டுவது மேற்பரப்பின் சூட்டை மட்டுமே. பாலியெஸ்டர் கலந்த துணியில் அந்தச் சூடு சாயத்தைக் கிளப்பி வெள்ளையை அழுக்காக்கும். அதற்கு 130 டிகிரியில் வேகும் மை எடுங்கள். சாம்பிளை வெயிலில் வைத்துப் பாருங்கள், டியூப் லைட்டில் பழுப்பு பச்சையடித்துத் தெரியும்.