வேலூருக்கு எந்த மாதம் வந்தால் என்ன சாப்பிடலாம், எங்கே போகலாம்

அறை கேட்டு போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் "வேலூருக்கு எந்த மாதம் வந்தால் நல்லது?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? இந்த ஊரில் வெயில்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சித்திரையில் ஒன்பது மணிக்கு மேல் கோட்டைக்குப் போனால் அகழி ஓரம் ஐந்து நிமிஷம் நிற்க முடியாது, அதே கோட்டையில் மார்கழியில் பதினொரு மணி வரை புல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். அதனால் எங்கள் வீட்டில் டிபன் நேரம் என்று எதையும் சுவரில் எழுதி ஒட்டவில்லை. மாதத்துக்கு மாதம் நேரமும் மாறும், தட்டில் இருப்பதும் மாறும்.

வீடு அணைக்கட்டுப் பக்கம். கீழே நாங்கள், மாடியில் விருந்தாளிகள், சமையல் நானும் என் மாமியாரும். தொடங்கிய புதிதில் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்ன யோசனை, இட்லி, வடை, பொங்கல், பூரி என்று வருஷம் முழுக்க ஒரே மெனு வைத்துவிடு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பது. குறை சொல்ல மாட்டார்கள், சரி. ஆனால் அதைச் சாப்பிட இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லையே, எந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலும் கிடைக்கும். இந்த வாரம் இந்தப் பக்கத்து நிலத்தில் என்ன வந்திருக்கிறதோ அது காலையில் இலையில் இருக்க வேண்டும், இந்த வாரம் எங்கே போனால் மனசு நிறையுமோ அங்கே அனுப்ப வேண்டும். இதில் நானும் அத்தையும் ஒரே கட்சி.

எனக்குப் பிடித்த காலத்திலிருந்தே தொடங்குகிறேன். மார்கழி பாதியில் ஆரம்பித்து மாசி வரைக்கும் பச்சை மொச்சை வரும். நேதாஜி மார்க்கெட்டில் கோணி கோணியாகக் கொட்டி வைத்திருப்பார்கள். காயை உரித்து, கொட்டையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால், தோல் கையோடு நின்றுவிடும், உள்ளே இருக்கிற பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் போய் விழும். அதுதான் பிதுக்கம்பருப்பு. ஒரு கிலோ பிதுக்க ஒரு மணி நேரம் போய்விடும், அதனால் ஆறு மணிக்கே திண்ணையில் உட்கார்ந்துவிடுவோம், மாடியிலிருந்து காபி குடிக்க இறங்கி வருகிறவர்கள் யாராக இருந்தாலும் தாங்களாகவே பக்கத்தில் உட்கார்ந்து கை வைப்பார்கள். யாரையும் நான் கூப்பிட்டது கிடையாது. தேங்காய், தனியா, சோம்பு, பட்டை அரைத்துவிட்டு, கூடவே நாலு முள்கத்தரிக்காயும் போட்டு அந்தக் குழம்பு கொதிக்கும்போது தெருமுனை வரைக்கும் வாசனை போகும். அந்த மாதங்களில் மட்டும் இட்லி போடுகிறேன், இந்தக் குழம்புக்காகத்தான்.

முள்கத்தரிக்காய் என்றதும் சொல்ல வேண்டும், அது எங்கள் பக்கத்து இலவம்பாடியின் காய். காம்பிலும் இலையிலும் முள் இருக்கும், பறிக்கிறவர்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் அந்தச் சதையும் ருசியும் கடையில் வரும் பளபள கத்தரிக்காயில் வராது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காலை ஏழு மணிக்குள் தோட்டத்துக்குப் போனால் பறிப்பைப் பார்க்கலாம். தெரிந்த தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள், விருந்தாளிகளை அனுப்பினால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தை பிறந்துவிட்டால் எருது விடும் விழா. அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் என்று சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் நடக்கும். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டை நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன், இங்கே மாட்டை அடக்குவது கிடையாது. தெருவில் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி ஒவ்வொரு மாடாக விடுவார்கள், குறிப்பிட்ட தூரத்தை எது குறைந்த நொடியில் தாண்டுகிறதோ அதற்குப் பரிசு. அரசு அனுமதி வாங்கி நடத்துகிற ஊர்களுக்கு மட்டும்தான் அனுப்புவேன், தடுப்புக்கு வெளியே மேடான இடத்தில்தான் நிற்க வேண்டும், சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அன்றைக்கு ஏழு மணிக்கெல்லாம் டிபன் முடிந்துவிடும், கையில் அவித்த பனங்கிழங்கு கட்டிக் கொடுத்துவிடுவேன், மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தது, நார் உரித்து உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே மாடு வருவதற்குக் காத்திருக்கலாம்.

மாசியில் வானம் தெளிவாக இருக்கும். அப்போது காவலூருக்குப் போய் வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஜவ்வாது மலையில் இருக்கிற வைணு பாப்பு வான் ஆய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள இடம், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-ல் கண்டுபிடித்தபோது அதைக் கவனித்துச் சொன்ன இடங்களில் இதுவும் ஒன்று. நம்ம மலையில் இப்படி ஒன்று இருப்பது இந்த ஜில்லாவில் பிறந்தவர்கள் பலருக்கே தெரியவில்லை. சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம், கிளம்பும் முன் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இருட்டின பிறகு பார்த்துவிட்டு மலை இறங்கித் திரும்ப நடுராத்திரி ஆகிவிடும், அதனால் மறுநாள் டிபன் ஒன்பதரைக்குத்தான். சாமைப் பொங்கல் போடுவேன். அரிசிப் பொங்கலைவிடத் தண்ணீர் கொஞ்சம் கவனமாக வைக்க வேண்டும், மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட வேண்டும், நெய்யில் கஞ்சத்தனம் கூடாது. சாமை அந்த மலையிலேயே விளைந்தது, தேனும் அங்கிருந்துதான்.

சிவராத்திரிக்கு அடுத்து வரும் மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பாலாற்றங்கரையில் பார்க்கலாம். காளி வேஷம், பம்பை, உடுக்கை, கூட்டத்தின் மேல் தானியமும் சுண்டலும் கொழுக்கட்டையும் வாரி இறைப்பது என்று எல்லாமே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது. அந்த நெரிசல் ஒத்துக்கொள்ளும் என்றால் மட்டும் போகலாம்.

அப்புறம் கோடை. கோடையில் வேலூருக்கா என்று முகம் சுளிக்கிறார்கள். நாற்பது டிகிரியைத் தாண்டும், மறைக்கவில்லை. ஆனால் சாப்பிடுவதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது, நாளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொண்டால் போதும். ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். ஆறு மணிக்குப் பதநீர் வந்துவிடும். பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்க வேண்டும், டம்ளரில் அந்த ருசி வராது. வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும், அதனால்தான் தூங்குமூஞ்சிகளுக்கு அது கிடைப்பதில்லை. ஆறரைக்கு விரிஞ்சிபுரம் கிளம்பினால் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் ஆள் இருக்காது. அந்த மதிலைப் பார்க்கவே போகலாம், திருவிரிஞ்சை மதிலழகு என்று சும்மாவா சொன்னார்கள். உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது, அரைவட்டமாக எண்கள் செதுக்கியிருப்பார்கள், மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. தென்னங்குச்சி ஒன்றைக் கையோடு கொடுத்து அனுப்புவேன். போன வருஷம் வந்த ஒரு பையன் செல்போனையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றானாம், அவன் அப்பா வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எட்டரைக்கு வீடு திரும்பினால் கூழ்.

இதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் கூழ் என்றதும் ஏதோ கஷ்டகாலத்துச் சாப்பாடு மாதிரி பார்க்கிறார்கள். கேழ்வரகு மாவை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைக்கிறோம். மறுநாள் சாயங்காலம் அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, அதில் புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கை நின்றால் அடிப்பிடிக்கும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி மண்சட்டியில் அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்த நாள் காலையில் மேலே ஆடை கட்டியிருக்கும். உப்புப் போட்டு, மோர் விட்டு, கையால்தான் கரைக்க வேண்டும், கரண்டி போட்டால் கட்டி நிற்கும். சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டால் முடிந்தது. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்று, சாப்பிடுகிறவர்களுக்குச் சுட்ட கருவாடு. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் சட்டியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். அத்தை, "குடிச்சுப் பாரு கண்ணு, பிடிக்கலைன்னா தோசை ஊத்தித் தரேன்" என்றார். தோசைக்கல்லை அடுப்பில் ஏற்ற வேண்டி வரவே இல்லை. மத்தியானம் ஒரு மணி வரைக்கும் பசியும் எடுக்காது, தாகமும் அவ்வளவாக இருக்காது, வெயில் காலத்துக்கென்றே நம்ம ஆட்கள் கண்டுபிடித்து வைத்த சாப்பாடு இது.

வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் சிரசைக் காலையிலேயே ஊர்வலமாக எடுத்து வருவார்கள், வழி முழுக்கச் சூறைத் தேங்காய் உடையும், சில்லு தெறிக்கும், தெருவெல்லாம் தேங்காய்த் தண்ணீர் ஓடும். கோயிலில் அம்மன் உடலோடு சிரசைப் பொருத்துவதைப் பார்க்க ஊரே திரண்டு நிற்கும். பார்க்க வேண்டிய விழா, ஆனால் பெரிய கூட்டம், வண்டியை ஊருக்கு வெளியிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். மே மாத மத்தியில் வருகிறவர்களிடம் தேதியைச் சொல்லிவிடுகிறேன், போவதும் போகாததும் அவர்கள் விருப்பம். மத்தியான வெயிலில் நுங்கு, மாம்பழம், தூக்கம். வேறு எதுவும் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஜூலை 10 அன்று யாராவது தங்கியிருந்தால் காலையிலேயே ஊருக்குள் கூட்டிக்கொண்டு போகச் சொல்வேன். 1806-ல் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த நாள், 1857-க்கு ஐம்பத்தொரு வருஷம் முந்தியது. மக்கான் பக்கத்து நினைவுத்தூணில் மாலை வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குள் நடந்தால் அந்த மதில் வேறு மாதிரி தெரியும். அப்படியே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை நிதானமாகப் பாருங்கள், ஒரே தலையை யானையாகவும் காளையாகவும் காட்டுகிற சிற்பம் அங்கேதான். பல காலம் சாமி இல்லாமல் இருந்த கோயில் அது, 1981-ல்தான் திரும்ப லிங்கத்தை வைத்தார்கள்.

ஆடியில் நான் வீட்டில் கூழ் காய்ச்சுவதைக் குறைத்துக்கொள்கிறேன். ஊர் அம்மன் கோயிலில் ஊற்றுவார்கள், ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கட்டும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியிலும் வள்ளிமலையிலும் காவடிக் கூட்டம். புரட்டாசி, ஐப்பசியில் அப்போதுதான் பிடுங்கிய வேர்க்கடலையை மண் போகக் கழுவி உப்புப் போட்டு அவித்துத் தருவேன், கூடவே முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. மலையிலிருந்து சீத்தாப்பழமும் வந்துவிடும். மழை நன்றாகப் பெய்திருந்தால் அமிர்தி அருவியில் தண்ணீர் இருக்கும், இல்லையென்றால் அனுப்புவதில்லை. பாலாறும் அப்படித்தான். 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைப் பார்க்கப் பாலத்தில் ஜனம் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது, மற்ற வருஷங்களில் பெரும்பாலும் மணல்தான்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறுக்குப் பிள்ளை வரம் வேண்டி விரிஞ்சிபுரத்துச் சிம்ம தீர்த்தத்தில் குளிக்கப் பெண்கள் வருவார்கள். முதல் நாள் ராத்திரியே எங்கள் வீட்டில் தங்கிவிட்டு விடியும் முன் கிளம்புகிறவர்களுக்கு டிபன் என்று எதுவும் கொடுப்பதில்லை, திரும்பி வந்ததும் சூடாகத் தருகிறேன்.

இன்னொரு வகை விருந்தாளிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள், வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள். அவர்களுக்குச் சீசன் கிடையாது. இவர்களிடம் கூழ், அடை என்று எதையும் நான் தள்ளுவதில்லை. முதல் நாள் கேட்டுக்கொள்வேன். பொரி எப்போதும் டப்பாவில் இருக்கும், உருளைக்கிழங்கு வேகவைத்துக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் அந்த அம்மாக்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு டப்பாவில் கட்டித் தந்துவிடுவோம், ரத்தம் எடுத்து முடித்ததும் அங்கேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். ரிப்போர்ட் வரும் வரை நடுவில் இரண்டு நாள் சும்மா இருக்கும், அந்த நாட்களில் ஒரு சாயங்காலமாவது கோட்டைப் பக்கம் நடந்துவிட்டு வரச் சொல்வேன். நோயாளியோடு துணைக்கு வருகிறவர்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, அவர்களுக்கும் ஒரு வேளை நல்ல சாப்பாடு வேண்டும், கொஞ்ச நேரம் வேறு எதையாவது பார்க்க வேண்டும்.

வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கூழ் வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்னாடியே சொல்லிவிடுங்கள், மாவு புளிக்க வேண்டும். பிதுக்கம்பருப்புக்கு முதல் நாள் மத்தியானம் சொன்னால்கூடப் போதும், பொங்கல் வாரத்தில் மட்டும் மொச்சை விலை ஏறிவிடும், ஆனாலும் வாங்கிவிடுவேன். கருவாடு சாப்பிடுவீர்களா மாட்டீர்களா என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள், அத்தை சுடும்போது மாடி வரைக்கும் வாசனை வரும்.