குழந்தையின் கால்களை நாம் அசைப்பதும் குழந்தையே அசைவதும்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை இயன்முறை மருத்துவத்துக்கு அழைத்து வரும் பெற்றோரில் பலர், குழந்தையை மேசையில் படுக்க வைத்து, விறைத்திருக்கும் கால்களை அரை மணி நேரம் நீட்டி மடக்கிவிடுவதையே சிகிச்சை என்று நம்பி வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பல இடங்களில் அவர்கள் பார்த்ததும் பணம் கொடுத்ததும் அதற்குத்தான். திருநெல்வேலிப் பக்கத்தில் இக்குழந்தைகளோடு வேலை செய்துவரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது இதுதான்: குழந்தை தனக்கு வேண்டிய ஒன்றைச் செய்வதற்காகத் தானே முயன்று, தடுமாறி, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுதான் அதன் இயக்கத்தை வளர்க்கிறது. நம் கைகள் செய்யும் வேலை அந்த முயற்சிக்கு வழி அமைத்துக் கொடுப்பதோடு நின்றுவிட வேண்டும்.

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ வளரும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் அசைவும் உடலை நிறுத்தி வைக்கும் திறனும் குலைவதையே மூளை முடக்குவாதம் என்கிறோம். லண்டனில் பணியாற்றிய வில்லியம் ஜான் லிட்டில் என்ற அறுவை மருத்துவர், கடினமான பிரசவத்துக்கும் குழந்தையின் கால் விறைப்புக்கும் உள்ள தொடர்பை 1861-இல் விரிவாக எழுதினார். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளுக்கு நாள் கூடுவதில்லை. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காததால், இரண்டு வயதில் தரையில் பதிந்த குதிகால் ஏழு வயதில் பதியாமல் போகக்கூடும். விறைப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அந்த விறைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பலவீனம் தெரிவதில்லை. விறைத்த தசைக்கு வலுவூட்டினால் விறைப்பு கூடிவிடும் என்று முன்பு அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படையில்லை என்பதைக் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் காட்டிவிட்டன.

பெர்லினிலிருந்து வெளியேறி லண்டனில் குடியேறிய பெர்த்தா போபாத்தும் அவர் கணவர் கார்ல் போபாத்தும் 1940-களில் உருவாக்கிய முறைதான் இன்றும் நம் கல்லூரிகளில் விரிவாகக் கற்பிக்கப்படுகிறது. குழந்தையின் தோள், இடுப்பு போன்ற இடங்களில் கைவைத்து, தவறான அசைவைத் தடுத்துச் சரியான அசைவை எளிதாக்குவது அதன் அடிப்படை. இக்குழந்தைகளால் எதையும் கற்க முடியாது என்று பலர் கைவிட்ட காலத்தில், முடியும் என்று நம்பி உழைத்தவர்கள் அவர்கள். அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனாலும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கும் அவர் குழுவினரும் அதுவரை வெளிவந்த சான்றுகளைத் திரட்டி, சிகிச்சைகளைப் போக்குவரத்து விளக்குகளைப்போல் பச்சை (பலன் உறுதியானவை), மஞ்சள், சிவப்பு என்று பிரித்து 2013-இல் வெளியிட்டபோது, சிகிச்சையாளர் அசைக்கக் குழந்தை அசைக்கப்படும் அந்தப் பழைய கைவழி முறை பச்சையில் இடம்பெறவில்லை. இலக்கை மையமாகக் கொண்ட பயிற்சி, வீட்டுப் பயிற்சித் திட்டம், நல்ல கையைக் கட்டுப்படுத்தி மற்றக் கைக்கு வேலை கொடுக்கும் முறை, இரு கைகளையும் சேர்த்துப் பழக்கும் முறை ஆகியவை பச்சையில் இருந்தன. இவை எல்லாவற்றிலும் வேலை செய்பவர் குழந்தைதான்.

முக்காலியிலிருந்து எழுந்து நிற்பதை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் பெஞ்சிலிருந்து எழவும், கழிப்பறைக்குப் போகவும், பேருந்து இருக்கையிலிருந்து இறங்கவும் தேவைப்படுவது இதுவே. உட்கார்ந்தால் இடுப்பும் முட்டியும் ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கும் அளவுக்கு உயரமுள்ள முக்காலி வேண்டும். பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, குதிகால் தரையில் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்மா எதிரே உட்கார்ந்து, குழந்தைக்குப் பிடித்த பொருளைக் கைக்கெட்டாத தூரத்தில், சற்றுத் தாழ்வாக நீட்ட வேண்டும். அதை எடுக்கக் குழந்தை முன்னால் சாய்ந்து, மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும் கணத்தில் உடல் எடை பாதத்துக்கு மாறி, பிட்டம் தானாக மேலெழும். இந்த இடத்தில் இரண்டு கைகளையும் பிடித்து மேலே தூக்கிவிட வேண்டும் என்று தோன்றும். தூக்கிவிட்டால் வேலை செய்தது நம் தோள்பட்டை என்றாகிவிடும். எழுந்த பிறகு பொத்தென்று விழாமல் மெதுவாக உட்காரச் சொல்வது எழுவதைவிடக் கடினமானது, பலன் மிக்கதும் அதுவே. இது கைவந்ததும் முக்காலியின் உயரத்தைக் குறைக்கலாம். பிறகு புத்தகப் பையை முதுகில் மாட்டி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இதற்கு மருத்துவமனை தேவையில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு முன் பத்து முறை செய்தால், வாரம் இரண்டு முறை எங்களிடம் வந்து போவதைவிட அதிகம் கிடைக்கும்.

உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டது வலக்கை என்றால் நம் வீடுகளில் அது வேறொரு துயரமாகிவிடுகிறது. பந்தியில் இடக்கையால் சாப்பிடுகிறான் என்று உறவினர் முகம் சுளிக்க, வீட்டுக்கு வந்ததும் வலக்கையாலேயே சாப்பிடு என்று பிள்ளையை வற்புறுத்துகிறார்கள். பசியோடு இருக்கும் குழந்தைக்கு மிகக் கடினமான வேலையைக் கொடுத்து அழவைப்பது பயிற்சியாகாது. நல்ல கைக்கு உறை மாட்டி மற்றக் கையை உழைக்க வைக்கும் முறைக்கு அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டாபின் ஆய்வுகள் அடித்தளம் இட்டன. அதை விளையாட்டாக, குறித்த நேரத்துக்கு மட்டும், பல வாரங்களில் மொத்தம் முப்பது மணி நேரத்துக்கும் மேலாகச் செய்தால்தான் பலன் தெரியும். அதைவிட நம் வீடுகளுக்கு இயல்பாகப் பொருந்துவது இருகைப் பயிற்சி என்பது என் அனுபவம். வாழைப்பழத்தை ஒரு கை பிடிக்க மறுகை உரிப்பது, டிஃபன் பாக்ஸை வலக்கை அழுத்திப் பிடிக்க இடக்கை மூடியைத் திறப்பது, பட்டாணி உரிப்பது, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகுவது ஆகியவற்றில் பலவீனமான கை உதவிக் கையாக இடம்பிடிக்கிறது. அவன் இடக்கையால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். தட்டை வலக்கை பிடித்துக்கொண்டால் அது பெரிய வெற்றி.

எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி, “நடந்துவிடுவானா?” என்பது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் 1997-இல் வெளியிட்ட, இக்குழந்தைகளின் இயக்கத் திறனுக்கான ஐந்து நிலைப் பகுப்பு இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல உதவுகிறது. தடையின்றி நடக்கும் குழந்தை முதல் நிலை. வாக்கர் போன்ற கைத்துணையோடு நடப்பது மூன்றாம் நிலை. தலையையும் உடலையும் நிறுத்திக்கொள்ளவே பெருந்துணை தேவைப்படுவது ஐந்தாம் நிலை. ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியான ஆய்வு, ஒரு குழந்தை தன் இயக்கத் திறன் எல்லையின் 90 விழுக்காட்டை முதல் நிலையில் ஏறத்தாழ ஐந்து வயதிலும், ஐந்தாம் நிலையில் மூன்று வயதுக்கு முன்பேயும் எட்டிவிடுகிறது என்று காட்டியது. ஆகவே, ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று சொல்லித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இழப்புதான். கழுத்து நிற்கவில்லை, ஒரு கையை மட்டுமே நீட்டுகிறது, கால்கள் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்கின்றன என்று தெரிந்த அன்றே பயிற்சியைத் தொடங்க வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கம், களப்பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பிச் சிறு வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. தாய் ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தில் குழந்தையைத் தூக்கி வர வேண்டியிராத இந்த வழி எல்லா மாவட்டங்களுக்கும் பரவ வேண்டும்.

பாதத்தையும் கணுக்காலையும் சரியான நிலையில் பிடித்துவைக்க அணியும் கணுக்கால் ஸ்பிளின்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்துக்குள் மறையவில்லை என்றால், செய்து கொடுத்தவரிடம் திரும்பக் கொண்டுபோக வேண்டும். கெண்டைக்கால் தசையில் போடாக்ஸ் ஊசி போட்டால் விறைப்பு ஏறத்தாழ மூன்று மாதம் தளர்ந்திருக்கும். அந்த மூன்று மாதமும் தீவிரமாகப் பழகாவிட்டால் ஊசிக்குச் செலவழித்த பணம் வீண்.

இடுப்பு மூட்டு மட்டும் பயிற்சியை நம்பி விடக்கூடாத ஒன்று. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கும், ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கும் தொடை எலும்பின் தலை மெல்லமெல்லக் குழியிலிருந்து விலகுகிறது. தொடக்கத்தில் வலி இராது. வலி வரும்போது காலம் கடந்திருக்கும். தென் சுவீடனில் 1994-இல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டம், முறையாக எக்ஸ்ரே எடுத்துத் தக்க நேரத்தில் சிறு அறுவை சிகிச்சை செய்தால் மூட்டு முழுதாக நழுவுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று நிரூபித்திருக்கிறது. நம் ஊரில் எக்ஸ்ரே எடுக்காத இடமில்லை, செலவும் அதிகமில்லை. இருந்தும் எட்டு வயதுவரை ஒரு முறைகூட இடுப்பு எக்ஸ்ரே எடுக்கப்படாத குழந்தைகளைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை. நடக்காத குழந்தை என்றால் இரண்டு வயதுக்குள் முதல் எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும்.

மூளையின் பாதிப்பைச் சரிசெய்துவிடும் என்று நம்பி, ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசிக்காக நிலத்தை விற்றவர்களும் வருகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, இத்தகைய பாதிப்புகளுக்கு அதை முறைப்படியான ஆய்வுக்குள் அல்லாமல் கட்டணச் சிகிச்சையாகத் தர அனுமதியில்லை. தயவுசெய்து அந்தப் பணத்தைக் குழந்தைக்குப் பொருத்தமான நாற்காலிக்கும் வாக்கருக்கும் வைத்திருங்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடல் சட்டென்று உயர்ந்து எடை கூடும்போது, நன்றாக நடந்த பிள்ளைகள் சிலர் முட்டி மடங்கிய நிலையில் நடக்கத் தொடங்கிச் சீக்கிரம் களைத்துவிடுகிறார்கள். அப்போது வலுவூட்டும் பயிற்சியை மீண்டும் தொடங்கி, கண்ணாடியையும் ஸ்பிளின்ட்டையும் மாற்றுவதுபோல் நடையின் இலக்கையும் மாற்றி எழுத வேண்டும்: வீட்டுக்குள்ளும் வகுப்புக்குள்ளும் நடக்கலாம், பள்ளி வாசல்வரையான தூரத்துக்குச் சக்கர நாற்காலியில் போகலாம். சக்கர நாற்காலியில் ஏற்றினால் நடை போய்விடும் என்று அஞ்சும் பெற்றோரிடம் நான் சொல்வது, களைப்பில்லாமல் வகுப்பறைக்கு வந்து சேரும் பிள்ளைக்குத்தான் மாலையில் முக்காலிப் பயிற்சிக்கும் நடைப் பயிற்சிக்கும் தெம்பு மிஞ்சும் என்பதே.