தன்பதிவேட்டில் ஏறிய ஆண்டு விழா

எனக்குக் கோவில்பட்டி. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நான்கு நாள் வெளியூர். மகள் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. 2024 ஜூன் 9 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வை நானும் எழுதினேன். 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்த தேர்வு அது. அக்டோபர் கடைசியில் முடிவு வந்தது. தரவரிசையைப் பார்த்ததுமே இளநிலை உதவியாளர் பணி கிடைத்துவிடும் என்று புரிந்தது. அத்தை அன்றைக்கே கோவிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்கள்.

படித்த காலத்தைவிட, அதற்கு அப்புறம் வந்த மாதங்கள்தான் என்னைத் திணறடித்தன. படிக்கும்போது விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை என் கையில் இருந்தது. பிள்ளைகள் தூங்குவார்கள், நான் படிப்பேன். தேர்ச்சி பெற்ற பிறகு எல்லா நாளையும் வேறு யாரோ குறித்தார்கள். தேர்வாணையம் ஒரு தேதி சொல்லும், பள்ளி ஒரு தேதி சொல்லும். இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும்.

முதலில் வந்தது சான்றிதழ் பதிவேற்றம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ்வழிச் சான்று வாங்க வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தது விளாத்திகுளம் பக்கம் அம்மா ஊரில். போனில் கேட்டதற்கு, பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார் தலைமையாசிரியர். அதே வெள்ளிக்கிழமைதான் மகளுக்கு வட்டார அளவிலான கலைத் திருவிழா. பள்ளி அளவில் களிமண் பொம்மையில் முதலிடம் வாங்கியிருந்தாள்.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊர் கரிசல். ஈரமாக இருக்கும்போது வெண்ணெய் மாதிரி வளைந்து கொடுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். மகள் செய்தது ஏர் பூட்டிய இரண்டு காளைகள். ஒத்திகைக்காக வீட்டுத் திண்ணையில் செய்து வைத்த மூன்று ஜோடியும் மறுநாள் காலையில் கழுத்தில் விரிசல் விட்டிருந்தன. ஒன்றின் கொம்பு கீழே கிடந்தது. அவள் அழவில்லை, கொம்பை எடுத்து எச்சில் தொட்டு ஒட்டிப் பார்த்தாள். அப்புறம் மண்பாண்டம் செய்யும் வேளார் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "கரிசல் தனியா நிக்காதும்மா, கொஞ்சம் மணல் சேரணும்" என்று சொல்லி, தான் மிதித்து வைத்திருந்த மண்ணிலிருந்தே ஒரு உருண்டையை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில் இல்லாமல் போவதா? இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அரசாங்க வேலையில் சேரப் போகிறவள், ஒரு தலைமையாசிரியரிடம் தேதியை மாற்றிக் கேட்பது சரியாக இருக்குமா என்ற தயக்கம்தான் பெரிதாக இருந்தது. கடைசியில் போன் போட்டு, மகளுக்குப் போட்டி சார் என்று விஷயத்தைச் சொன்னேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா, புதன்கிழமையே வாங்க" என்றார். புதன்கிழமை போய்ச் சான்றோடு திரும்பினேன். வெள்ளிக்கிழமை போட்டி நடந்த பள்ளியின் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மகளுக்கு இரண்டாம் இடம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், திருமணமான பெண்கள் பலர் இதில் அலைகிறார்கள்: சாதிச் சான்று அப்பா பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். முடிவு வருவதற்கு முன்னாலேயே எடுத்துப் பாருங்கள்.

எங்கள் தெருவில் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். வேலைக்குப் போகுமுன் அலுவலக நடைமுறை கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போவேன். முதல் நாளே தன்பதிவேட்டை எடுத்துக்கொண்டார். உதவியாளரின் கைக்கு வரும் ஒவ்வொரு தபாலும் அதில் ஏற வேண்டும்: என்றைக்கு வந்தது, யாரிடமிருந்து, பொருள் என்ன, என்ன நடவடிக்கை, எப்போது முடிந்தது. "ஏறாத தபால்தான் தாயி ராத்திரி தூக்கத்தக் கெடுக்கும்" என்றார்.

அன்று ராத்திரி மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்திலிருந்து கட்டம் போட்டேன். பயிற்சிக்குப் பொருள் வேண்டுமே, வீட்டு விஷயங்களையே ஏற்றினேன். மகன் பள்ளியில் விளையாட்டுப் போட்டி, வெள்ளைக் காலுறை வேண்டும். மகளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் கும்மி, பச்சைப் பாவாடை, கண்ணாடி வளையல் ஒரு டஜன். எனக்குக் கலந்தாய்வு, அதாவது எந்தத் துறை, எந்த மாவட்டம் என்று தேர்ந்தெடுக்கும் நாள், அசல் சான்றிதழ்கள், இரண்டு செட் நகல். ஒரே பக்கத்தில் எல்லாம் வரிசையாக வந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. சில தேதிகள் மனிதர்கள் குறித்தவை, கேட்டால் நகரும். கலந்தாய்வு அப்படி இல்லை. அன்றைக்குப் போகாவிட்டால் வாய்ப்புப் போய்விடும். நகராத தேதிகளுக்கு நேரே சிவப்பு மையில் புள்ளி வைத்தேன்.

பிப்ரவரியில் அந்தச் சிவப்புப் புள்ளி ஆண்டு விழா நாளிலேயே விழுந்தது.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பார்க்கலாம் பாப்பா, அம்மா எப்படியாவது வந்துடுவேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். சென்னையில் பகலில் கலந்தாய்வு, கோவில்பட்டியில் சாயங்காலம் விழா. வரவே முடியாது என்று எனக்குத் தெரியும். இந்த நாள்களில் நான் செய்த ஒரே தப்பு அதுதான். அவள் தோழிகளிடமெல்லாம் அம்மா வருவார்கள் என்று சொல்லிவைத்திருந்தாள். மூன்றாம் நாள் தலை வாரும்போது உண்மையைச் சொன்னேன். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்போ ஒத்திகைக்கு வா" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

டீச்சரிடம் கேட்டேன். விழாவுக்கு முதல் நாள் மதியம் முழு உடையோடு ஒத்திகை, தாராளமாக வாருங்கள் என்றார்கள். மரத்தடியில் எட்டுப் பிள்ளைகள், பார்வையாளர் என்று நான் ஒருத்தி. இரண்டாவது சுற்றில் மகள் தப்பான பக்கம் திரும்பிவிட்டாள். நின்று என்னைப் பார்த்தாள். நான் கை தட்டிக்கொண்டே இருந்தேன். டீச்சர் மறுபடி முதலிலிருந்து ஆட வைத்தார்கள். விழாவில் ஒரு தடவைதான் பார்த்திருப்பேன், எனக்கு இரண்டு தடவை கிடைத்தது.

அன்று ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். காலையில் எழும்பூரில் இறங்கி மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம், கோட்டை. தேர்வாணைய அலுவலகம் அங்கிருந்து பக்கம்தான். உள்ளே போனதும் செல்போனை அணைத்துவிட்டேன். தரவரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். திரையில் துறைவாரியாகக் காலியிடங்கள். நமக்கு முன்னால் ஒருவர் எழுந்து போகப் போக, மனதில் குறித்து வைத்த இடங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. யோசிக்க அங்கே நேரமில்லை. நான் முன்னாலேயே கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊர்களைத் தாளில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். விருதுநகர் மாவட்ட வருவாய்த் துறையில் இடம் இருந்தது. சாத்தூர் கிடைத்தால் காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டே கிளம்பலாம். அதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் எழும்பூர் நடைமேடையில் இருக்கும்போது அத்தை போனில் பேசினார்கள். மகள் பிடுங்கிக்கொண்டு, "இன்னைக்குத் தப்பே பண்ணல, நீ பார்த்த மாதிரியேதான்" என்றாள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. உடற்தகுதிச் சான்று, நியமன ஆணை, கடைசியில் சாத்தூர் வட்டாட்சியர் அலுவலகம். சேரும் நாளுக்கு முந்தைய ராத்திரி அந்த நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்துக்குக் கீழே பென்சிலில் புதிதாக ஒரு வரி இருந்தது. பொருள்: அம்மா வேலைக்குப் போறாங்க. நடவடிக்கை: நானே ரெட்டை ஜடை போடணும்.

இப்போது தினமும் காலையில் அவளே போட்டுக்கொள்கிறாள். வலது பக்கம் நன்றாகவே வருகிறது. இடது பக்கம் பள்ளி வாசல் போவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது, அத்தை அங்கே நின்று முடிந்து விடுகிறார்கள்.