புல்வெளித் தகவமைப்புக் கேள்விக்கு முழு மதிப்பெண்: பேட்ஜரை வைத்து ஒரு வழி

சூழலியல் தாள் முடிவு வந்த நிம்மதியில், அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக இது. தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும். புல்வெளி விலங்குகள் தம் சூழலுக்கு எப்படித் தகவமைந்துள்ளன என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சுலபம் என்று நினைத்துப் பலரும் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இங்கேதான்.

நீண்ட நகம், கூரிய பார்வை, வேகமான கால் என்று உறுப்புகளை அடுக்கினால் அது வெறும் வர்ணனை. நெருக்கடியில் தொடங்குங்கள்: புல்வெளியில் என்ன இல்லை, அதனால் என்ன சிக்கல், அதை எந்த உறுப்போ நடத்தையோ சமாளிக்கிறது, அதற்கு விலங்கு கொடுக்கும் விலை என்ன. இந்த வரிசை ஒன்று பிடிபட்டால் போதும், மீதி தானாக வரும்.

அமெரிக்க பேட்ஜரைப் பாருங்கள். மண்ணைத் தோண்டி இரை பிடிக்கும் வட அமெரிக்க ஊனுண்ணி இது. மரமில்லாத பிரெய்ரியில் (வட அமெரிக்கப் புல்வெளி) சிறு பிராணிகளுக்கு மண்ணுக்கடியில்தான் ஒளிவிடம். எனவே தோண்டத் தெரிந்த வேட்டைக்காரனுக்கே இரை. தட்டையான அகன்ற உடல், குட்டைக் கால்கள், முன்னங்காலில் 5 செ.மீ. வரை நீளும் நகங்கள். முன்கால் மண்ணை வெட்டும், பின்கால் வெளியே தள்ளும், மூன்றாம் இமை கண்ணில் மண் விழாமல் காக்கும். தரை அணிலின் வளைக்குப் பல வாசல்கள் இருந்தால் சிலவற்றை மண்ணால் அடைத்துவிட்டுத்தான் வேட்டையைத் தொடங்கும். இதைக் கட்டாயம் எழுதுங்கள், நகத்தைவிட இதற்குத்தான் மதிப்பு. விலை என்ன? குட்டைக் காலால் ஓடிப் பிடிக்க முடியாது. அதனால் சில நேரம் கொயோட்டியோடு (ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்க நாயினம்) சேர்ந்து வேட்டையாடும்: வெளியே ஓடும் அணில் கொயோட்டிக்கு, வளைக்குள் பதுங்குவது பேட்ஜருக்கு.

குளிர்காலத்தைத் தொடும்போது கவனம். பேட்ஜர் முழுக் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. ஒரு தடவைக்குச் சுமார் 29 மணி நேரம் நீளும் டார்பர் நிலைக்கு (உடல் இயக்கம் மந்தமாகும் குறுகிய உறக்கம்) போகும். உடல் வெப்பம் வழக்கத்தைவிடச் சுமார் 9 டிகிரி செல்சியஸ் மட்டுமே குறையும், இதயத் துடிப்பு பாதியாகும். 'ஹைபர்னேஷன்' (முழுக் குளிர்கால உறக்கம்) என்று எழுதினால் அந்த வரிக்கு மதிப்பெண் கிடைக்காது. இனச்சேர்க்கை கோடையின் பிற்பகுதியில் நடந்தாலும் கருப்பையில் கரு பதிவதைக் குளிர்காலம்வரை தள்ளிப்போடுவதால், குட்டிகள் இரை பெருகும் வசந்தத்தில் பிறக்கின்றன.

பதிலில் சேர்க்க இன்னும் சில:

- வளை ஆந்தை: கூடு கட்ட மரமில்லை, பிற விலங்குகள் விட்டுப்போன வளைகளே வீடு. வாசலில் சாணம் பரப்பும். தேடி வரும் சாண வண்டுகள் உணவாகும்.
- ப்ராங்ஹார்ன் (மான் போன்ற வட அமெரிக்க விலங்கு): மறைவிடம் இல்லாததால் பார்வையும் வேகமும். மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் ஓடும். தாண்டிக் குதிக்கும் பழக்கம் குறைவு, கம்பிவேலிக்கு அடியில் புகவே பார்க்கும். அதுதான் விலை.
- மேய்ச்சல் விலங்குகள்: புல்லில் சிலிக்கா, கூடவே மண்துகள். பல் தேய்வதால் பல்முடி (பல்லின் மேற்பகுதி) உயரமாக இருக்கும்.

ஐரோப்பிய பேட்ஜரை இதில் கலக்காதீர்கள். அது கூட்டமாக வாழும், மண்புழுவை அதிகம் தின்னும்.

படம் கேட்டால் பிரெய்ரி டாக் (அணில் குடும்பத்துக் கொறிவிலங்கு) வளையை வரையுங்கள். ஒரு வாசலின் மேடு உயரம், மற்றதன் மேடு தாழ்வு. உயர்ந்த வாசலில் காற்று வேகமாக வீசுவதால் அங்கே அழுத்தம் குறைந்து வளைக்குள் காற்றோட்டம் உண்டாகிறது. அம்புக்குறி தாழ்ந்த வாசலில் நுழைந்து உயர்ந்த வாசலில் வெளியேற வேண்டும். மாற்றிப் போட்டால் படம் முழுக்கவே தவறு.