டேபிள் என்றொரு வில்லங்கச் சொல்

டேபிள் என்றால் நமக்கு மேசை. அதையே வினைச்சொல்லாக்கினால் வில்லங்கம்தான். ஒரு தீர்மானத்தை டேபிள் செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. நேர் எதிர்!

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அவசர ஆவணத்தை டேபிள் செய்ய வேண்டும் என்றார்களாம். அமெரிக்கர்கள் கூடவே கூடாது என்று மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். நெடுநேரம் காரசாரமாக மோதிய பிறகுதான், இரு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று தெரிந்திருக்கிறது. சர்ச்சிலே தன் போர் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார். (எனக்கு அவர்மேல் பெரிய பிரியமில்லை, ஆனாலும் இந்த இடம் அருமை.)

நம் நாடாளுமன்றம் பிரிட்டிஷ் வழி. அறிக்கைகளை அவையின் மேசைமீது வைப்பார்கள். அமெரிக்க நிறுவனங்களோடு வேலை செய்பவர்கள், மின்னஞ்சலில் இந்தச் சொல்லைக் கண்டால் அனுப்பியவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் பாருங்கள்.