அஞ்சரைக்கு கீழ வாங்க

லீவு விட்டு நாலு நாள் ஆகல, அதுக்குள்ள வீட்ல "போர் அடிக்குதும்மா" ஆரம்பிச்சாச்சு. இதுக்கு நம்மகிட்ட இருக்கற பதில் ரெண்டு. ஒண்ணு போனை கைல குடுக்கறது, இன்னொண்ணு பணம் கட்டி ஏதாவது ஒரு சம்மர் கேம்ப்ல சேத்து விடறது. கேம்ப் வேண்டாம்னு சொல்ல வரல, நீச்சல் மாதிரி விஷயத்துக்கு சொல்லித்தர ஒருத்தர் கட்டாயம் வேணும். ஆனா முழு லீவையும் காசு குடுத்து ரொப்ப முடியாது, அப்படியே ரொப்பினாலும் எதிர்வீட்டு பொண்ணு பேரு கூட தெரியாம ஒரு லீவு போயிடும். எனக்கு அதுதான் பெரிய கவலையா இருந்துச்சு.

மூணு வருஷமா எங்க அபார்ட்மெண்ட்ல நாங்க செஞ்சு பாத்ததை எழுதறேன். ஒத்த பைசா செலவில்ல.

முதல் வருஷம் நான் பண்ணின தப்பு என்னன்னா, டைம்டேபிள் போட்டேன். வாட்சப் குரூப் ஆரம்பிச்சு திங்கள் ஓவியம், செவ்வாய் கதை, புதன் செஸ்ஸுன்னு ஒவ்வொரு நாளைக்கும் ஒருத்தர் பொறுப்புன்னு பிரிச்சு குடுத்தேன். எல்லாரும் கட்டை விரலை தூக்கி காமிச்சாங்க. செவ்வாய்க்கிழமை கதை சொல்ல வேண்டியவங்களுக்கு ஆபீஸ்ல வேலை மாட்டிக்கிச்சு, புதன்கிழமை செஸ் போர்டு கொண்டு வர்றவங்க ஊருக்கு கிளம்பிட்டாங்க, குழந்தைங்க வந்து நின்னுட்டு திரும்பி போச்சுங்க, பத்து நாள்ல குரூப்ல சத்தமே இல்ல. யார் மேலயும் தப்பில்ல. ஒரு ஆள் வரலைன்னா அந்த நாளே விழுந்துடற மாதிரி நான் திட்டம் போட்டதுதான் தப்பு.

அடுத்த வருஷம் திட்டமே போடல. சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு டப்பா சாக்பீஸோட கேட் பக்கத்துல போய் உக்காந்தேன், அவ்வளவுதான். முதல் நாள் என் பசங்க ரெண்டு பேர் மட்டும். மூணாவது நாள் ரெண்டாவது மாடி பையன் எட்டிப் பாத்துட்டு செருப்பு கூட போடாம ஓடி வந்தான். ரெண்டு வாரத்துல பன்னெண்டு பதிமூணு குழந்தைங்க. அதுக்கப்புறம் பெரியவங்க. கீழ் வீட்டு தாத்தா தன்னோட பிளாஸ்டிக் சேரை தானே தூக்கிட்டு வந்து போட்டார் பாருங்க, அன்னிக்குதான் இது நிக்கும்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு. தினமும் அதே நேரம், அதே இடம், யாராவது ஒருத்தர் முன்னாடியே போய் உக்காந்திருக்கணும். மத்ததெல்லாம் தானா வரும். இன்னிக்கு என்ன விளையாடலாம்னு பசங்களே முடிவு பண்ணிப்பாங்க, பாண்டி, கண்ணாமூச்சி, கல்லா மண்ணா, நாம சொல்லித்தரவே வேண்டாம், பெரிய பசங்க சின்னதுங்களுக்கு சொல்லித் தருவாங்க.

நேரம் ஏன் அஞ்சரைன்னா, வெயில். மத்தியானம் பதினொண்ணுலேர்ந்து நாலு மணி வரைக்கும் வெளில விடறதே இல்லன்னு நாங்க முடிவா வெச்சிருக்கோம். சாயங்காலமும் தரையை புறங்கையால அஞ்சு செகண்ட் தொட்டுப் பாப்பேன், சூடு பொறுக்க முடியலைன்னா இன்னும் அரை மணி போகட்டும். விளையாட்டு மும்முரத்துல குழந்தைங்களுக்கு தாகமே தெரியாது, அதனால அரை மணிக்கு ஒரு தடவை எல்லாரையும் நிறுத்தி தண்ணி குடிக்க வெக்கறது தாத்தாவோட வேலை. ஏதாவது குழந்தை தலை சுத்துதுன்னாலோ வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னாலோ நிழலுக்கு கூட்டிட்டு போய் உடம்பை ஈரத்துணியால துடைச்சு விடணும், பேச்சு குழறினா மயங்கினா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம ஆம்புலன்ஸ கூப்பிட்டுடணும்.

சாக்பீஸ் விளையாட்டுக்கு நடுவுல ஒரு நாள் நடந்ததை சொல்லணும். மரத்தடில நிழலுக்கு நடுவுல வட்ட வட்டமா வெளிச்சம் விழுந்திருந்துச்சு, மேல் வீட்டு பாப்பா அதை சாக்பீஸால சுத்தி சுத்தி வரைஞ்சுட்டு, "இலை எல்லாம் கூரா இருக்கு, ஓட்டை மட்டும் ஏன் ரவுண்டா இருக்கு"ன்னு கேட்டா. எவ்வளவு நல்ல கேள்வி பாருங்க. இலை இடுக்கு எந்த ஷேப்ல இருந்தாலும் சரி, சின்னதா இருந்தா கீழ விழறது சூரியனோட படம், அதான் ரவுண்டு. கிரகணத்தப்ப அதே வட்டமெல்லாம் பிறையா மாறிடும்.

மறுநாள் காலைல ஒரு பெரிய அட்டைல குண்டூசியால ஓட்டை போட்டு, வெயில் விழற ஜன்னல்ல ஒட்டி, மத்த வெளிச்சத்தை எல்லாம் போர்வையால மூடினோம். ஓட்டைலேர்ந்து சரியா 220 செ.மீ. தள்ளி ஒரு வெள்ளை பேப்பரை ஒளிக்கு நேரா பிடிச்சா, மங்கலா ஒரு வட்டம் வந்துச்சு. ஸ்கேல வெச்சு அளந்தா 2 செ.மீ. அதாவது தூரத்துல 110ல ஒரு பங்கு. ஒளி நேர்கோட்டுல வர்றதால, சூரியனோட குறுக்களவும் அது இருக்கற தூரத்துல அதே 110ல ஒரு பங்குதான். சூரியன் கிட்டத்தட்ட 15 கோடி கி.மீ. தூரத்துல இருக்கு, அதை 110ஆல வகுத்தா ஏறக்குறைய 13 லட்சத்து 64 ஆயிரம் கி.மீ. வருது. நிஜமான குறுக்களவு சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம்! குண்டூசியும் ஸ்கேலும் வெச்சுக்கிட்டு ஆறாம் கிளாஸ் பையன் சூரியனை அளந்துட்டான், அவன் அன்னிக்கு பூரா தரையில நிக்கல. ஒண்ணு மட்டும் திரும்ப திரும்ப சொல்லி வைங்க, ஓட்டை வழியா சூரியனை பாக்கவே கூடாது, பேப்பர்ல விழற படத்தை மட்டும்தான் பாக்கணும்.

ராத்திரிக்கு மொட்டை மாடி இருக்கு. நகரத்து வெளிச்சத்துல என்ன தெரியப்போகுதுன்னு நானும் நினைச்சேன். சர்வதேச விண்வெளி நிலையம் தெரியும், தெருவிளக்கு எல்லாம் எரிஞ்சாலும் தெரியும். அது நம்ம ஊர் மேல எப்ப வரும்னு நாசாவோட ஸ்பாட் தி ஸ்டேஷன் சேவையே இலவசமா சொல்லிடுது. பொழுது சாஞ்ச கொஞ்ச நேரத்துலயோ விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடியோதான் வரும், ஏன்னா நமக்கு இருட்டா இருக்கணும், 400 கி.மீ. உயரத்துல இருக்கற அதுக்கு வெயில் படணும். மொத்தம் 17 பேர் மாடில நின்னோம். மேற்கு பக்கம் ஒரு புள்ளி கிளம்பி, கண் சிமிட்டாம, சத்தமில்லாம, விறுவிறுன்னு ஏறி வந்துச்சு. மணிக்கு 28 ஆயிரம் கி.மீ. வேகம், ஒன்றரை மணி நேரத்துல பூமியையே ஒரு சுத்து சுத்திடும். "அதுக்குள்ள ஆள் இருக்காங்களா?"ன்னு ஒருத்தன் கேட்டான். இருக்காங்க, 2000 நவம்பர் 2லேர்ந்து ஒரு நாள் கூட அது ஆளில்லாம இருந்ததில்லன்னு சொன்னதும் எல்லா குழந்தைங்களும் கைய தூக்கி டாட்டா காட்ட ஆரம்பிச்சுடுச்சுங்க, தாத்தாவும் காட்டினார். எந்த கட்டடத்துக்கு பின்னாடியும் போகாம நடு வானத்துல அப்படியே அணைஞ்சு போச்சு. பூமியோட நிழலுக்குள்ள போயிடுச்சு, அதான். மூணு நாலு நிமிஷம் இருக்கும் மொத்தமே, ஆனா அதுக்கப்புறம் யாரும் ஒரு மணி நேரம் கீழ இறங்கல.

அந்த ஒரு மணி நேரத்துல சப்தரிஷி மண்டலத்தை கண்டுபிடிச்சோம். அதோட வால் வளைவை அப்படியே நீட்டிட்டு போனா ஆரஞ்சு கலர்ல பளிச்சுன்னு ஒரு நட்சத்திரம் வரும், அது சுவாதி, அதே வளைவுல இன்னும் போனா நீலம் கலந்த வெள்ளையா சித்திரை. "தினமும் காலண்டர்ல படிக்கற பேரு, ஆனா இதுதான்னு இன்னிக்குதான் பாக்கறேன்"னு தாத்தா சொன்னார். சுவாதிலேர்ந்து வெளிச்சம் இங்க வர்றதுக்கு ஏறக்குறைய 37 வருஷம் ஆகுது. எனக்கு அப்ப வயசு 37. நான் பொறந்த வருஷம் கிளம்பின வெளிச்சம் அன்னிக்கு என் கண்ணுல வந்து விழுந்துச்சுன்னு பசங்ககிட்ட சொல்லும்போது எனக்கே தொண்டை அடைச்சுக்கிச்சு.

தெருவை பத்தியும் சொல்லணும். குழந்தைங்க விளையாடறதுக்குன்னு தெருவுல வண்டிய நிறுத்தறது ஒண்ணும் புதுசில்ல, நியூயார்க்ல 1914லயே ஆரம்பிச்சாங்க. கொலம்பியாவோட தலைநகர் பொகோட்டால 1974லேர்ந்து நடக்குது, இப்ப ஞாயித்துக்கிழமையும் விடுமுறை நாள்லயும் காலைல 7 மணிலேர்ந்து மத்தியானம் 2 மணி வரைக்கும் 120 கி.மீ.க்கு மேல ரோட்டை சைக்கிளுக்கும் நடக்கறவங்களுக்கும் விட்டுடறாங்க. ஆனா என்னை நெகிழ வெச்சது இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்து கதைதான். 2009ல பக்கத்து பக்கத்து வீட்டு அம்மாக்கள் ரெண்டு பேர் பள்ளிக்கூடம் விட்டதும் தங்களோட தெருவை குழந்தைங்களுக்காக மூடினாங்க, அது பரவி ரெண்டு வருஷத்துல நகராட்சியே அதுக்குன்னு ஒரு விதிமுறை கொண்டு வந்துச்சு.

அவங்க பண்ணின மாதிரியே நாங்களும் எங்க முட்டு சந்துல ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பண்ணினோம். முறைப்படி எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிட்டோம், அது இல்லாம தயவு செஞ்சு ஆரம்பிக்காதீங்க. அதை விட முக்கியம் கார் வெச்சிருக்கறவங்க வீட்டுக்கெல்லாம் நேர்ல போய் சொன்னது, மெசேஜ் போட்டா கோவம்தான் வரும். சந்து முனையில கயிறு கட்டி, சும்மா கயிறை நம்பாம ரெண்டு பெரியவங்க எப்பவும் நிக்கணும், அந்த சந்துல குடியிருக்கறவங்க வண்டி வந்தா விசில் ஊதி குழந்தைங்களை ஓரமா நிறுத்திட்டு, வண்டிக்கு முன்னாடி ஒருத்தர் நடந்தே கூட்டிட்டு வரணும். ஆம்புலன்ஸ் வந்தா அவுக்கற மாதிரி உருவு முடிச்சுதான் போடணும்.

எல்லாம் சுமுகமா போகல. மூணாவது மாடில நைட் ஷிஃப்ட் போற அண்ணா ஒருத்தர் இருக்கார், பந்து சுவத்துல படற சத்தத்துல அவருக்கு தூக்கமே போச்சு. ஒரு நாள் கண்ணெல்லாம் செவந்து கீழ வந்து நின்னார். எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, முன்னாடியே அவர்கிட்ட போய் கேட்டிருக்கணும். பெரியவங்க பேசினதை விட பசங்க நாலு பேர் போய் "எந்தெந்த நாள்ல அங்கிள் தூங்குவீங்க"ன்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதிட்டு வந்ததுதான் பிரச்சனைய தீத்துச்சு. அந்த பேப்பர் இன்னும் லிஃப்ட் பக்கத்துல ஒட்டியிருக்கு, அந்த நாள்ல பந்து கிடையாது. இந்த வருஷம் விசில் ஊதற வேலை அவரோடது.

புத்தகத்துக்கு பொது நூலகம் இருக்கு, வாரத்துக்கு ஒரு நாள் எல்லா குழந்தைங்களையும் சேத்து கூட்டிட்டு போங்க, தனியா போனா அஞ்சு நிமிஷத்துல வெளில வந்துடற குழந்தை கூட கூட்டமா போனா ஒரு மணி நேரம் உக்காரும். நூலகத்துறைக்கு நம்ம எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல எழுதின அஞ்சு விதில முதல் விதியே புத்தகம் பயன்படுத்தறதுக்குத்தான்னு. அதனால கசங்கிடும்னு வீட்ல பூட்டி வெச்ச புத்தகத்தையும் வெளில எடுங்க. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல டாட் போல்னு ஒருத்தர், டீச்சரா இருந்த தன்னோட அம்மா நினைவா 2009ல பள்ளிக்கூடம் மாதிரியே ஒரு குட்டி பெட்டி செஞ்சு வீட்டு வாசல்ல வெச்சார், யார் வேணா எடுத்துட்டு போங்க, வேற ஒண்ணை வைங்கன்னு, அதுதான் இன்னிக்கு உலகம் பூரா வாசல்ல நிக்கற குட்டி நூலகம். எங்களோடது பழைய செருப்பு ஸ்டாண்டு, தொடச்சு பெயிண்ட் அடிச்சது.

மியூசியமும் நல்லா இருக்கும், வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியங்கள், லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியம் மாதிரி எத்தனையோ இடத்துல நுழைவு இலவசம், பல ஊர்ல குறிப்பிட்ட நாள்ல மட்டும் இலவசம், உங்க ஊர்ல எந்த நாள்னு விசாரிச்சுக்கங்க. என்னோட ஒரே வேண்டுகோள், ஒரே நாள்ல எல்லாத்தையும் காட்டணும்னு குழந்தைங்களை இழுத்துட்டு ஓடாதீங்க, ஒரு ரூமை மட்டும் பாத்துட்டு திரும்பி வாங்க, இலவசம்தானே, அடுத்த வாரம் இன்னொரு ரூம்.

நாளைக்கு சாயங்காலம் 7.12க்கு விண்வெளி நிலையம் எங்க மாடிக்கு மேல வருது. லிஃப்ட் பக்கத்துல பசங்க எழுதி ஒட்டிட்டாங்க. தாத்தாவால இந்த வருஷம் படி ஏற முடியல, அதனால அவர் சேரை கேட் பக்கத்துலயே மேற்கு பக்கம் பாத்து போட்டுட்டு, ரெண்டு பசங்க அவர் கூடவே நின்னு எந்த பக்கம் வருதுன்னு சொல்றதா ஏற்பாடு.