கருப்பைக் கழுத்துப் பரிசோதனை: எந்தக் கருவியால் எடுக்கிறார்கள்?

சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் வந்த பெண்களிடம் பேசும்போதெல்லாம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய உதவும் பாப் பரிசோதனைக்கான கலங்கள் எந்தக் கருவியால் எடுக்கப்பட்டன என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலானோருக்கு அது தெரியாது. முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானுக்கு அப்பாலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து வரும் பெண்ணிடம், மாதிரி போதாது, மறுபடி வாருங்கள் என்று சொன்னால், அவர் வருவது அரிது. அதனால் இந்தக் கேள்வியைச் சிறியதாக என்னால் எண்ண முடியவில்லை.

1947இல் ஏயர் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்திய மர ஸ்பற்றுலா என்ற தட்டையான குச்சி, கருப்பைக் கழுத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிச் சுரண்டிக் கலங்களை எடுக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது இருவகைக் கலங்கள் சந்திக்கும் வலயத்தில்தான். இளம் வயதில் வெளியே தெரியும் அந்த வலயம், மாதவிடாய் நின்ற பின்னர் கழுத்தின் உட்குழாய்க்குள் ஒதுங்கிவிடுவதால், தட்டையான மரமுனை அங்கே எட்டுவதில்லை. நுனி நீண்ட ஸ்பற்றுலா அதைவிட மேலானது. நைலோன் தூரிகை உள்ளே சென்று, கால் அல்லது அரைச் சுற்றிலேயே உட்கலங்களைத் தருகிறது. அதற்கு மேல் சுற்றினால் இரத்தம் கசிந்து கலங்களை மறைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. ஸ்பற்றுலாவையும் தூரிகையையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது உட்கலங்கள் நன்றாகக் கிடைக்கின்றன என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடுவில் நீண்ட இழைகளும் ஓரங்களில் குட்டை இழைகளும் கொண்ட துடைப்ப வடிவத் தூரிகையோ, ஐந்து முழுச் சுற்றுகளில் உள்ளும் புறமுமாக ஒரே தடவையில் எடுத்துவிடும்.

எதனால் எடுத்தாலும், கண்ணாடித் தகட்டில் பூசியவுடன் 95% அற்ககோலில் இட வேண்டும். நம் ஊர் வெக்கையில், மின்விசிறிக்குக் கீழே, கணநேரத் தாமதமும் கலங்களை உலர்த்திக் கெடுத்துவிடும்.

பாலுறவால் தொற்றி இந்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்கு, பெண் தானே மறைவாக மாதிரி எடுத்துக்கொள்ளலாம்; உலக சுகாதார நிறுவனமும் 2021இல் இதைப் பரிந்துரைத்தது. மரபணுவைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் சோதித்தால், மருத்துவர் எடுத்த மாதிரிக்கு அது ஏறக்குறைய ஈடாகும். போரில் கணவரை இழந்து தனித்து வாழும் பெண்கள், தமக்கு இது எதற்கு என்று கேட்கிறார்கள். தொற்றிலிருந்து புற்றுநோய் வரை 15 முதல் 20 ஆண்டுகள் செல்லக்கூடும் என்பதால், அவர்களுக்குத்தான் இது மிகவும் வேண்டும் என்பேன். அந்தப் பரிசோதனை நம் கிராமங்களை எட்டும் வரை, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மர ஸ்பற்றுலாவோடு நிறுத்தாமல் தூரிகையையும் பயன்படுத்துமாறு, கிளினிக் நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.